விற்பனையாளர் ஆதரவு முடிந்த பிறகும் ஓடிய விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ: ஒரு நிறுவனத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இயந்திர உதிரி பாகங்களை மொத்தமாக வாங்கி விநியோகிக்கும் ஒரு நடுத்தர நிறுவனம். பில், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி, விற்பனைப் பிரதிநிதிகளின் கமிஷன் எல்லாமே ஒரே மென்பொருளில். தரவுத்தள மென்பொருள் எழுதும் மொழியான ஃபாக்ஸ்ப்ரோவில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 2.6 பதிப்பில் தொடங்கி, பிறகு விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-க்கு மாற்றப்பட்ட மென்பொருள் அது. எழுதியவர் ஒரே ஒருவர், அங்கேயே வேலை பார்க்கும் மூத்த புரோகிராமர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரே நேரத்தில் நாற்பது பேர் வரை அதில் உட்கார்ந்து வேலை செய்வார்கள், தரவு முழுவதும் ஒரு ஃபைல் சர்வரில் டிபிஎஃப் என்ற டேபிள் ஃபைல்களாக இருந்தது.

அந்த மென்பொருள் நன்றாகவே எழுதப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழசு என்றாலே மோசம் என்று நினைத்துக்கொண்டு வந்த இரண்டு ஆலோசகர்களை நான் பார்த்தேன், இரண்டு பேருமே புரோகிராம் கோடை (code) திறந்துகூடப் பார்க்காமல் அறிக்கை கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளருக்கு ஒரு விலை, அளவுக்கு ஒரு தள்ளுபடி, திரும்பி வந்த சரக்குக்கு ஒரு கணக்கு, பாதி மாதத்தில் விலை மாறினால் எந்த விலை என்ற விதி, இதெல்லாம் பல வருடங்களாக ஒவ்வொரு சண்டைக்கும் ஒவ்வொரு திருத்தமாக உள்ளே சேர்ந்திருந்தது. நிறுவனத்தின் நடைமுறை முழுவதும் எழுத்தில் இருந்த ஒரே இடம் அந்தக் கோட்தான்.

தரவு விஷயத்தில் உதவ என்னை வெளியிலிருந்து அழைத்தார்கள்.

மொழியின் நிலை

நிர்வாக இயக்குநர் முதல் கூட்டத்திலேயே கேட்ட கேள்வி நியாயமானது. கோபால் (COBOL) 1959-இல் வந்த மொழி, இன்னும் வங்கிகளில் ஓடுகிறது என்கிறார்கள், நம்முடையது அதைவிட எவ்வளவோ புதியது, பிறகு எப்படி இது மட்டும் செத்த மொழி?

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். கோபாலுக்குப் பொதுத் தரநிலை இருக்கிறது, கடைசியாக 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. கோடைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றை ஐபிஎம் விற்கிறது, வேறு நிறுவனங்களும் விற்கின்றன, க்னூ கோபால் என்று திறந்த மூல கம்பைலரும் உண்டு. ஒரு விற்பனையாளர் கடையை மூடினால் கஷ்டம்தான், ஆனால் போக இடம் இருக்கிறது. ஃபாக்ஸ்ப்ரோவின் கதை வேறு. ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனத்திடமிருந்து 1992-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 9-ஆவது பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. 2007 மார்ச்சில், இனி 10-ஆவது பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். அதே வருடம் அக்டோபரில் திருத்தங்களின் தொகுப்பான இரண்டாவது சர்வீஸ் பேக், பிறகு 2015 ஜனவரி 13-உடன் நீட்டிக்கப்பட்ட ஆதரவும் முடிந்தது. மொழியின் மையக் கோடைத் திறந்து விடுங்கள் என்று பயனாளர்கள் மனு போட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

மைக்ரோசாஃப்டின் இன்னொரு பழைய மொழியான விஷுவல் பேசிக் 6-ஐ ஒப்பிட்டால் இன்னொன்றும் புரியும். அதன் எழுதும் கருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது, ஆனால் எழுதிய புரோகிராமை ஓட வைக்கும் ரன்டைம் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, அந்த விண்டோஸுக்கு ஆதரவு உள்ளவரை ரன்டைமுக்கும் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் எழுத்தில் கொடுத்திருக்கிறது. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு அப்படி ஒரு வாக்குறுதி கிடையாது. விண்டோஸ் 11-இலும் ஓடத்தான் செய்கிறது, 64 பிட் விண்டோஸ் 32 பிட் புரோகிராம்களை ஓட்டும் வரை ஓடும். ஆனால் ஓடாமல் போனால் யாரையும் கேட்க முடியாது.

இதைச் சொன்னதும் அறையில் ஒரு அவசரம் பிறந்தது, உடனே மாற்றிவிட வேண்டும் என்று. அந்த அவசரத்தைக் கொஞ்சம் அடக்கியதுதான் பின்னால் நடந்த பல நல்லதுக்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

முதலில் தெரிந்த கோளாறு

எங்களை அழைத்ததற்கு உடனடிக் காரணம் மொழியே கிடையாது. பழைய ஃபைல் சர்வரை எடுத்துவிட்டுப் புதிய விண்டோஸ் சர்வர் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து, தரவை வேகமாகத் தேட உதவும் சிடிஎக்ஸ் இண்டெக்ஸ் ஃபைல்கள் கெடத் தொடங்கின. ஒரு மேசையில் போட்ட பில் அடுத்த மேசையில் தெரியாது. ஒரு பாகத்தின் எண்ணைத் தேடினால் இல்லை என்று வரும், வரிசையாகப் பார்த்தால் அங்கேயே இருக்கும். மூத்த புரோகிராமர் தினமும் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டு, இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் ஓட்டினார், மறுநாள் மறுபடி அதே கதை.

காரணம் நெட்வொர்க் அடுக்கில் இருந்தது. ஃபாக்ஸ்ப்ரோவில் டேட்டாபேஸ் சர்வர் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு பயனாளரின் கணினியும் நேரடியாக அந்த ஃபைலைத் திறந்து, பைட் பைட்டாகப் பூட்டி, படித்து, எழுதுகிறது. விண்டோஸின் ஃபைல் பகிர்வு நெறியான எஸ்எம்பி, வேகத்துக்காக ஃபைலின் ஒரு பகுதியைக் கணினியிலேயே வைத்துக்கொள்ள அனுமதி கொடுக்கும், அதை லீஸ் என்பார்கள். ஒரே ஃபைலில் பல பேர் சின்னச் சின்னதாக எழுதும்போது அந்த உள்ளூர் பிரதியும் சர்வரில் உள்ளதும் பொருந்தாமல் போனால், இண்டெக்ஸ்தான் முதலில் அடி வாங்கும்.

இதற்கு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் தீர்வு பழைய எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போடுவது. நிறுவனத்தின் நெட்வொர்க் பராமரிப்பாளர் அதைச் செய்யத் தயாராக இருந்தார். நாங்கள் மறுத்தோம். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல் அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது, அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதும் நின்றுவிட்டது. ஒரு பில் மென்பொருளுக்காக மொத்த நெட்வொர்க்கின் கதவையும் திறந்து வைப்பது சரியில்லை. அதற்குப் பதிலாக, தரவு இருக்கும் அந்த ஒரு ஷேருக்கு (பகிர்ந்த ஃபோல்டருக்கு) மட்டும் லீஸிங்கை நிறுத்தினோம். வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் இண்டெக்ஸ் கெடுவது நின்றது.

மூச்சு விட நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். இது நிரந்தரத் தீர்வு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அறிக்கையின் முதல் வரியிலேயே அப்படி எழுதினோம்.

உள்ளே பார்த்தபோது

மொழியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இப்போது கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். சில விஷயங்கள் கவலைப்படுத்தின.

முதலாவது, அளவு. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்ட முடியாது, நீண்ட உரைகளை வைக்க அதோடு வரும் மெமோ ஃபைலுக்கும் அதே எல்லை. சரக்கு நகர்வு டேபிள் அந்த எல்லையில் முக்கால்வாசியைத் தாண்டியிருந்தது. எல்லையைத் தொட்ட அன்று புதிய வரி சேராது, அதாவது சரக்கு நகராது. விற்பனையாளர் ஆதரவு இருந்திருந்தாலும் இது மாறியிருக்கப் போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, மூலக் கோட். பயனாளர்கள் ஓட்டிக்கொண்டிருந்த எக்ஸ்இ ஃபைலும் (கோடிலிருந்து உருவாக்கிய புரோகிராம்), மூத்த புரோகிராமரின் கணினியில் இருந்த கோடும் ஒன்றா என்று கேட்டபோது அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஃபாக்ஸ்ப்ரோ எக்ஸ்இ உள்ளே இடைநிலைக் கோட்தான் இருக்கும், குறியாக்கம் செய்யாமல் விட்டிருந்தால் அதைத் திருப்பி வாசிக்கக் கருவிகள் உண்டு. அப்படி வாசித்து ஒப்பிட்டதில் சில திரைகளில் வித்தியாசம் இருந்தது. கமிஷன் கணக்கில் ஒரு விதி எக்ஸ்இயில் இருந்தது, கோடில் இல்லை.

மூன்றாவது, நிறுவும் டிஸ்க். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவை இன்னொரு கணினியில் போட ஒரே ஒரு பிரதிதான் இருந்தது, சர்வீஸ் பேக் ஃபைல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ரன்டைமை எத்தனை கணினியிலும் இலவசமாகப் போடலாம், அதில் சிக்கல் இல்லை. எழுதும் கருவி போய்விட்டால் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

நான்காவது, அந்த மனிதர். அவர் இல்லாத நாளில் யாராலும் எதையும் தொட முடியாது. பெரிய ஆபத்து இதுதான் என்று நான் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, பல வருடங்களாக ஒரு ஆள் கேட்டுக்கொண்டே இருப்பதாகச் சொன்னார்.

கிடங்கில் ஒரு மூலையில் லேபிள் அச்சடிக்கும் டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம் ஒன்றும் கிடைத்தது. 16 பிட் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடாது என்பதால் அதற்காக மட்டும் ஒரு பழைய கணினியை வைத்திருந்தார்கள்.

மேசையில் இருந்த வழிகள்

எல்லாவற்றையும் புதிய மொழியில் திரும்ப எழுதுவது ஒரு வழி. ஆயத்தமாக விற்கும் மென்பொருள் ஒன்றை வாங்கி நடைமுறையை அதற்கேற்ப வளைப்பது இன்னொன்று. மூன்றாவது, தானாக மொழிமாற்றும் கருவி. எக்ஸ் ஷார்ப் என்ற திறந்த மூலத் திட்டம் ஃபாக்ஸ்ப்ரோ கோடை மைக்ரோசாஃப்டின் புதிய தளமான டாட்நெட்டுக்குக் கொண்டுபோகிறது, அதை நாங்கள் ஆர்வத்தோடு பார்த்தோம். கணக்குப் பகுதி நன்றாகவே போகிறது, திரைகளும் ரிப்போர்ட்டுகளும் அப்படியே போகாது, அங்கேதான் இந்த மென்பொருளின் பாதி எடை இருந்தது.

நான்காவது வழியை யாரும் விரும்பிச் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் சோம்பேறித்தனம் போலக் கேட்கும். மொழியை இப்போதைக்கு விட்டுவிட்டுத் தரவை மட்டும் வெளியே எடுப்பது.

முடிவும் காரணமும்

நான்காவதைத்தான் எடுத்தோம். இண்டெக்ஸ் கெடுவது, 2 ஜிபி எல்லை, பேக்கப் எடுக்க எல்லோரும் வெளியேற வேண்டியிருப்பது, வேறு எந்தக் கருவியாலும் பாதுகாப்பாகத் தரவைத் தொட முடியாதது என்று அந்த நிறுவனத்தை உண்மையில் மிரட்டிய ஆபத்துகளை வரிசையாகப் பார்த்தால் முக்கால்வாசி டிபிஎஃப் ஃபைலில் இருக்கிறது. மொழியில் இருப்பது மிச்சம்தான். தரவு ஒரு உண்மையான டேட்டாபேஸில் வந்துவிட்டால், புதிய மொழியில் ஒரு திரையை எழுதி, பழைய திரைக்குப் பக்கத்திலேயே அதே தரவின் மேல் ஓட்டலாம். ஒரே இரவில் எல்லாம் மாற வேண்டியதில்லை.

டேட்டாபேஸாக, திறந்த மூல மென்பொருளான போஸ்ட்கிரெஸைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு விற்பனையாளர் கைவிட்டதால் வந்த சிக்கலைத் தீர்க்கும்போது இன்னொரு தனி விற்பனையாளரின் கையில் தரவைக் கொடுக்க நிர்வாகம் விரும்பவில்லை, அந்த வாதம் எனக்கும் சரியாகவே பட்டது.

தரவைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வேலைகள் முடிய வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம். நிறுவும் டிஸ்க், சர்வீஸ் பேக், ரன்டைம் ஃபைல்கள், எழுதும் கருவி முழுவதும் போட்டுத் தயாராக இருக்கும் ஒரு விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளாகவே ஓடும் ஒரு கணினி), எல்லாம் இரண்டு இடங்களில் சேமிக்கப்பட வேண்டும். கோட், அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவிக்குள் போக வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோவின் திரைகளும் கிளாஸ்களும் டேபிள் வடிவத்தில் சேமிக்கப்படுவதால் கிட்டில் வித்தியாசம் பார்க்க முடியாது. ஃபாக்ஸ்பின்டுபிஆர்ஜி என்ற இலவசக் கருவி அவற்றை வாசிக்கக்கூடிய உரையாக மாற்றிக் கொடுக்கிறது, ஃபாக்ஸ்ப்ரோ பயனாளர்களின் விஎஃப்பிஎக்ஸ் சமூகத்தின் பட்டியலில் இருக்கிறது. விற்பனையாளர் போன பிறகு ஒரு மொழிக்கு மிஞ்சியிருக்கும் ஆதரவு இந்த மாதிரி மனிதர்களிடம்தான் இருக்கிறது, அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இதை எழுத முடியாது.

புதிதாகச் சேர்ந்த ஒரு இளம் புரோகிராமரை மூத்தவரின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு ஃபாக்ஸ்ப்ரோ சுத்தமாகத் தெரியாது. "சார், இது ஏன் இப்படி?" என்று அவள் ஒவ்வொரு வரிக்கும் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் சேர்ந்துதான் அந்த மென்பொருளின் முதல் ஆவணமாக ஆயிற்று.

தரவை நகர்த்தியது

ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து வெளி டேட்டாபேஸோடு பேச ஓடிபிசி என்ற பொது இணைப்பு வழி உண்டு, 8-ஆவது பதிப்பில் வந்த கர்சர் அடாப்டர் அதற்கு நல்ல வசதி. ஃபாக்ஸ்ப்ரோ 32 பிட் என்பதால் ஓடிபிசி டிரைவரும் 32 பிட்டாகவே இருக்க வேண்டும், 64 பிட் டிரைவரைப் போட்டுவிட்டு ஏன் தெரியவில்லை என்று தேடுவது பலருக்கும் நடப்பது.

நகர்த்தும் வேலையில் தரவே நிறையப் பேசியது. என்(10,2), அதாவது புள்ளியையும் சேர்த்துப் பத்து இடம், அதில் இரண்டு தசமம் என்று வரையறுத்த எண் புலத்தில் ஏழு இலக்கத்துக்கு மேல் முழு எண் போனால் ஃபாக்ஸ்ப்ரோ பிழை சொல்லாது, தசம இடத்தைத் தியாகம் செய்து பெரிய எண்ணை வைத்துக்கொள்ளும். வரையறுத்த அளவை மீறும் எண்ணைப் போஸ்ட்கிரெஸ் ஏற்காது. அப்படி நிராகரிக்கப்பட்ட வரிகளைப் பார்த்தபோது பாதி உண்மையான பெரிய தொகைகள், மீதி பல வருடம் முன்னால் யாரோ தவறித் தட்டியவை. அழித்ததாகக் குறி மட்டும் போட்டு ஃபைலிலேயே கிடந்த ரெக்கார்டுகள் இன்னொரு குவியல். அவற்றைக் கொண்டு போகவில்லை, தனியாக எடுத்து வைத்தோம்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது தேதி. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு தேதிப் புலம் வெறுமையாக இருக்கலாம், அது நல் (NULL, மதிப்பே தெரியாது என்ற குறி) கிடையாது, வெறும் காலி. போஸ்ட்கிரெஸில் காலித் தேதி என்று ஒன்றே இல்லை, அதனால் எல்லாக் காலித் தேதியும் நல் (NULL) ஆக மாறியது. பாக்கி ரிப்போர்ட்டில், பணம் வந்த தேதி காலியாக இருந்தால் அந்த பில் இன்னும் பாக்கி என்று ஒரு வரி இருந்தது. காலியா என்று சோதிக்கும் எம்ப்டி என்ற ஃபங்ஷனுக்கு நல்லைக் கொடுத்தால் ஃபாக்ஸ்ப்ரோ "இல்லை, இது காலி இல்லை" என்று பதில் சொல்லும். அதாவது பணம் வராத பில் எல்லாம் பணம் வந்ததாகிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது, ரிப்போர்ட் அழகாக அச்சாகும். தொகை தவறு, அவ்வளவுதான். பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்த இணை ஓட்டத்தில் பழைய பாக்கித் தொகையும் புதியதும் பொருந்தாததால் முதல் நாளே பிடிபட்டது. தரவைப் படிக்கும் இடத்திலேயே நல்லைக் காலித் தேதியாகத் திருப்பும் ஒரு அடுக்கை வைத்துச் சரி செய்தோம், நூற்றுக்கணக்கான இடங்களில் கோடைத் தொட வேண்டியிருக்கவில்லை.

தேடலிலும் ஒரு வித்தியாசம். ஃபாக்ஸ்ப்ரோவின் இயல்பு அமைப்பில் சமம் என்ற குறி வலப்பக்கச் சொல் முடிந்ததும் ஒப்பிடுவதை நிறுத்திவிடும், "ஏபி12" என்ற குறியீடு "ஏபி"-க்குச் சமம் என்று ஆகும். பயனாளர்கள் அதை நம்பித்தான் முதல் இரண்டு எழுத்தைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தார்கள். புதிய டேட்டாபேஸ் அப்படி ஒப்பிடாது. இதைப் பிழை என்று திருத்தாமல் பழக்கம் என்று மதித்து, முன்னெழுத்துத் தேடலாகவே எழுதிக் கொடுத்தோம்.

இணை ஓட்டம் இரண்டு முழு மாத இறுதிக் கணக்குகளைத் தாண்டி நடந்தது. ஒவ்வொரு இரவும் இருப்பு, பாக்கி, கமிஷன் மூன்றின் கூட்டுத்தொகையும் இரண்டு பக்கமும் ஒப்பிடப்பட்டன. கமிஷனில் கடைசித் தசமத்தில் சிறு வித்தியாசம் அடிக்கடி வந்தது, கணக்கிடும்போது ஃபாக்ஸ்ப்ரோ, தசமங்களைத் தோராயமாக வைக்கும் மிதவைப் புள்ளி எண்ணைப் பயன்படுத்துவதால். எது சரி என்பதைக் கணக்குப் பிரிவு எழுத்தில் முடிவு செய்தது, புரோகிராமர்கள் செய்யவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் நடந்தது

மாறிய பிறகு இண்டெக்ஸ் கெட்டதாக ஒரு புகாரும் இல்லை. பேக்கப் எடுக்க யாரும் வெளியேற வேண்டாம். முதல் சில வாரங்கள் சில திரைகள் மெதுவாக இருந்தன, ஏனென்றால் டேபிள் முழுவதையும் திறந்து ஒவ்வொரு வரியாக ஸ்கேன் செய்யும் பழைய பாணி நெட்வொர்க்கின் மறுபுறம் டேட்டாபேஸ் இருக்கும்போது வேலைக்காகாது. தேவையான வரிகளை மட்டும் கேட்கும்படி அந்தத் திரைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள், அதிகம் பயன்படுவது முதலில்.

புதிய தேவைகள் எதையும் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதுவதில்லை என்று முடிவானது. கிடங்கு ஊழியர்களுக்கான இருப்புத் திரை பிரவுசரில் ஓடும்படி முதலில் வந்தது, அப்புறம் லேபிள் அச்சு, அதோடு அந்தப் பழைய டாஸ் கணினியும் போனது. மூத்த புரோகிராமர் திட்டமிட்ட தேதியில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு ஒரு விலை விதி மாற்றத்தை அந்த இளம் புரோகிராமர் தனியாக ஃபாக்ஸ்ப்ரோவிலேயே செய்து முடித்தாள், அவரைத் தொலைபேசியில் கூப்பிடவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

நெட்வொர்க் கோளாறு வருவதற்கு முன்பே இந்த வேலை தொடங்கியிருக்க வேண்டும். 2007 அறிவிப்புக்கும் 2015 முடிவுக்கும் இடையே எட்டு வருடம் கிடைத்தது, பெரும்பாலான நிறுவனங்களைப் போல இவர்களும் மென்பொருள் ஓடுகிறதே என்று அதைக் கடந்துவிட்டார்கள். ஆதரவு முடிவு அறிவிக்கப்பட்ட அன்றே செய்ய வேண்டியது திரும்ப எழுதுவது இல்லை. நிறுவும் டிஸ்க்கைப் பத்திரப்படுத்துவது, ஓடும் எக்ஸ்இயும் கோடும் ஒன்றா என்று பார்ப்பது, இரண்டாவது ஆளைச் சேர்ப்பது, இவை மூன்றும் அன்றே செய்யக்கூடியவை, செலவும் குறைவு.

இணை ஓட்டத்தில் கூட்டுத்தொகையை மட்டும் ஒப்பிட்டது போதுமானதாக இருந்தது, ஆனால் எதிரெதிர் தவறுகள் ஒன்றையொன்று ரத்து செய்யும் வாய்ப்பு அதில் உண்டு. அடுத்த முறை வாடிக்கையாளர் வாரியாக ஒப்பிடச் சொல்வேன். விதிகளை எழுதி வைக்கும் வேலையையும் தரவு நகர்வுக்கு முன்னாலேயே முடிக்கச் சொல்வேன், இங்கே இரண்டும் ஒன்றாக நடந்ததில் மூத்தவரின் கடைசி மாதங்கள் மிக நெருக்கடியாகிவிட்டன.

கமிஷன் கணக்கு இன்னமும் ஃபாக்ஸ்ப்ரோவில்தான் ஓடுகிறது. விதிகள் அதிகம், மாற்றம் அரிது, தவறினால் ஆட்களின் சம்பளத்தைத் தொடும், அதனால் அதைக் கடைசியாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விண்டோஸ் மேம்படுத்தலுக்கு முன்பும் அந்த விர்ச்சுவல் மெஷினில் போன மாதக் கமிஷனை ஓட்டிப் பார்த்து, தொகை பொருந்திய பிறகே மற்றக் கணினிகளில் மேம்படுத்துகிறார்கள்.